எண்ணெய் மணலும் ஆலையின் இடமும்

விளையுமிடத்திலேயே பொருளைப் பக்குவஞ் செய்யின் ஊதியம் மிகும் என்பது பலர் கொண்ட துணிபு. கனடா தேசத்து ஆல்பர்ட்டா மாகாணத்தில் இத்துணிபு நெடுங்காலமாக வாதத்திற்கு உரியதாய் இருந்து வருகின்றது. அம்மாகாணத்து அத்தபாஸ்கா ஆற்றுப் பகுதியில் கிடைக்கும் எண்ணெய் மணலைப் பற்றியே யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இம்மணலின் நிறையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே நிலக்கீல். எஞ்சியன மணலும் களியும் நீருமே. ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு இரண்டு டன் அளவு மணலை அகழ்தல் வேண்டும். ஆதலின், கரும்பை வயலருகே ஆட்டுதல் போல, கீலை மணலினின்று பிரிக்குந் தொழில் சுரங்கத்தருகே நடந்தே தீரும். வெந்நீராற் பிரிக்கும் முறையை 1920களில் கார்ல் கிளார்க் என்னும் அறிஞர் செப்பஞ் செய்தார். இம்மட்டும் வழக்கில்லை; வழக்கெல்லாம் இதற்கு மேல்தான்.

பிரித்த கீல் ஆறிய பாகினுந் தடித்தது, குழாயில் ஓடாது. அதனை ஓடச் செய்ய இரு வழிகள் உள. மெல்லிய எண்ணெயைக் கலந்து நெகிழ்த்தல் ஒன்று. கலவையில் அது ஏறக்குறைய 30 விழுக்காடு. பெருவெப்பத்தாற் கரியை நீக்கியோ, ஹைட்ரஜனைச் சேர்த்தோ, இலேசான செயற்கைக் கச்சா எண்ணெயாக மாற்றுதல் மற்றொன்று. போர்ட் மக்மரிக்கு வடக்கே 1967இல் தொடங்கிய முதற் பெருஞ்சுரங்கமும், 1978இல் தொடங்கிய சின்குரூடும் இவ்விரண்டாம் வழியையே மேற்கொண்டன. நெகிழ்த்தும் எண்ணெய்க்கு விலை உண்டு. குழாயிலும் அது இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆயினும் மாற்றாலையின் செலவு அதனினும் அச்சந் தருவது. அமெரிக்காவில் இலேசான எண்ணெய் பெருகவே, சன்கோர் நிறுவனம் தன் வாயேஜர் மாற்றாலைத் திட்டத்தை 2013இல் இடையிலேயே கைவிட்டது.

டீசல் முதலியவற்றையும் அங்கேயே ஆக்குதல் என்னும் மூன்றாம் படியோ இன்னும் கடினமானது. கச்சா எண்ணெய் ஒன்றே. ஆக்கிய பண்டங்களோ பல. ஒவ்வொன்றும் தனித்தனியே சந்தையை நாடிச் செல்லல் வேண்டும். அருகில் வாங்குவோரோ சிலர். அமெரிக்க வளைகுடாக் கரையிலோ, தடித்த எண்ணெயைக் கையாளும் ஆலைகள் முன்னரே கட்டப்பெற்று நிற்கின்றன.

இம்மூன்றாம் படியை மாகாண அரசு துணிந்து ஏற்றதன் பயனை எட்மண்டன் நகருக்கு வடகிழக்கேயுள்ள ஸ்டர்ஜன் ஆலையிற் காணலாம். 2012இல் 570 கோடி கனடிய டாலர் என மதிக்கப்பெற்ற அதன் செலவு, ஏறக்குறைய 1,000 கோடியாயிற்று. கீலைக் கொண்டு அது தொழில் தொடங்கியது 2020இலேதான். ஆலையின் கீலில் முக்காற் பங்கை அளித்து, அதற்குரிய கூலியையும் கட்ட அரசு உடன்பட்டிருந்தமையின், நட்டத்தின் பெரும்பாரம் குடிகளின் பொதுப்பணத்தின்மேல் வீழ்ந்தது.

எதிர்வாதமும் வலியுடையதே. 2018ஆம் ஆண்டு இறுதியிற் குழாய்களில் இடமின்றிப் போகவே, ஆல்பர்ட்டாவின் தடித்த எண்ணெய் அமெரிக்க எண்ணெயினும் பீப்பாய்க்கு 40 டாலருக்கு மேற் குறைந்து விற்றது. அரசே உற்பத்தியைக் குறைக்குமாறு ஆணையிட்டது. அந்நாளில் உள்ளூர் மாற்றாலை உடையோர் பெரிதும் தப்பினர். ஆயின் அவ்விடருக்கு வேர் ஆலைக் குறைவன்று, வழிக் குறைவே என்பது எம் கருத்து. 2024 மே மாதத்தில் டிரான்ஸ் மவுண்டன் குழாயின் விரிவு மேலைக் கடற்கரை வரை திறக்கப்பெற்றபின் அவ்விலை வேறுபாடு சுருங்கியது.