மலைக்கு மகுடம் சரி, பீலிக்குத் தண்ணீர்?

உலக மரபுரிமைப் பட்டியலில் மாத்தளை மாவட்டத்துக்கு ஏற்கனவே மூன்று பதிவுகளில் பங்கு உண்டு. 1982இல் சிகிரியா. 1991இல் தம்புள்ளைக் குகைக் கோயில். 2010இல் ஹோர்ட்டன் சமவெளியோடும் சிவனொளிபாதமலைக் காட்டோடும் சேர்த்து நக்கிள்ஸ் மலை. இத்தனையும் வைத்திருக்கும் மாவட்டத்துக்குப் பாறை, நில மரபுக்காகத் தரும் ‘புவிப்பூங்கா’ என்ற இன்னொரு பட்டத்தையும் வாங்கித் தந்தால் என்ன என்று ஆசைப்படுவதில் தப்பில்லை. யுனெஸ்கோ 2015இல் தன் சொந்தத் திட்டமாக எடுத்துக்கொண்ட அந்தப் புவிப்பூங்காப் பட்டியலில் 2025 வரை இலங்கையின் பெயர் ஏறவில்லை. ஏறுவதற்கான சரக்கு நக்கிள்ஸிடம் தாராளமாக இருக்கிறது.

மாத்தளையிலிருந்து றத்தோட்டை வழியாக இலுக்கும்புரவுக்குப் போகும் பாதையில் றிவஸ்டன் கணவாயைத் தாண்டினால் பிட்டவல பத்தனை வருகிறது. வாகனத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது படம் எடுக்கத் தோதான புல்வெளி. இறங்கிக் குனிந்து பார்க்க வேண்டும். புல்லின் வேருக்கு விரலளவு மண்தான் கிடைத்திருக்கிறது. அதன் கீழே குவாட்சைட் பாளம், பாளத்தில் வரிவரியாக வெடிப்புகள். மழை விட்ட பிறகும் அந்த வெடிப்புகளில் நீர் ஊர்ந்துகொண்டே இருக்கும். ஈரப் பாறையிலேயே வாழும் ஒரு தவளை இனம் இந்த மலையை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. பாறையின் வெடிப்பும் அதில் ஊர்கிற நீரும் அந்தத் தவளையும் ஒரே கதைதான்.

பாறையின் வயதைச் சொன்னால் தலை சுற்றும். இந்தியா, மடகாஸ்கர், கிழக்கு ஆபிரிக்கா, அந்தாட்டிக்கா எல்லாம் ஒட்டிக்கொண்டு கொண்டுவானா நிலம் உருவான காலத்தில், ஏறக்குறைய 55 கோடி முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய கற்கள் இவை. மலைநாட்டில் பரவலாகக் கிடைக்கும் கருங்கல் வகைகளில் ஒன்று சார்னொக்கைட். கல்கத்தாவில் இறந்த யோப் சார்னொக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லை வைத்து 1893இல் அதற்கு அந்தப் பெயர் வந்தது. அந்தக் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்துப் பல்லாவரத்திலிருந்து போனதாம். பல்லாவரத்துக் கல்லும் நம் மலைக் கல்லும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: சிகிரியா ஒரு செத்த எரிமலையின் தொண்டை என்று வழிகாட்டிகள் இன்னமும் சொல்லித் திரிகிறார்கள். அது எரிமலையே இல்லை. சுற்றியிருந்த நிலம் யுகயுகமாகத் தேய்ந்து கரைந்துபோக, தேயாமல் எஞ்சி நிற்கும் குன்று அது.

மாத்தளைக்காரர்களுக்குப் பாறை இயலைச் சொல்லித்தர அருங்காட்சியகம் தேவையில்லை, கேத்தல் போதும். மாவட்டத்தின் ஊடாகச் சலவைக்கல் பட்டைகள் ஓடுகின்றன. அந்தப் பக்கத்துக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு ஒட்டும். சுண்ணாம்புச் சூளைகள் எரிந்ததும் அதே கல்லால்தான். கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையில் தொழிலாளர்கள் டொலமைட் தூளை வாளி வாளியாக இறைக்கிறார்களே, மண்ணின் புளிப்பை முறிக்க, அதுவும் இந்தக் கல்லின் உறவுதான்.

எழுத வந்தது புவிப்பூங்கா பற்றி. ஆனால் இந்த மலையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் என் மனம் போய் நிற்பது பீலிக்கரையில்.

இந்தக் கடினப் பாறைகளுக்குத் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் குணம் கிடையாது. மேலே உக்கிப்போன மண் படையிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டும்தான் நீர் தங்கும். காட்டு மரத்தடியில் விழும் மழை மெதுவாக உள்ளே இறங்கி, வெடிப்பு வழியே நகர்ந்து, கீழே இறங்க முடியாத பாளம் ஒன்றில் முட்டும்போது பக்கவாட்டில் தலை நீட்டுகிறது. அதுதான் ஊற்று. அதற்குப் பீலியாக முதலில் மூங்கிலைச் சீவி வைத்தார்கள், பிறகு தகரம், இப்போது கறுப்பு பொலித்தீன் குழாய். குழாயின் வாயில் பழைய சேலைத் துண்டைக் கட்டி, நழுவாமல் ஒரு கல்லையும் தூக்கி வைத்திருப்பார்கள். கீழே பாசி படிந்த சீமெந்துத் தொட்டி, அதைச் சுற்றி வாளிகள். மாசி, பங்குனியில் குழாயில் வருவது நூலளவு. கொழுந்துக்குப் போக முன் ஒரு குடம் நிரப்ப வேண்டுமென்றால் விடியுமுன் எழும்ப வேண்டும். தோட்டத்தில் வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள், “முந்தி கோடையிலயும் கைத்தண்டி வந்த பீலி இது” என்பார்கள்.

பெரிய தண்ணீருக்கு இந்த மாவட்டத்தில் கணக்கு இல்லாமல் இல்லை. முதலாம் நூற்றாண்டில் வசப மன்னன் அம்பன் கங்கையை மறித்து எலஹெர வாய்க்காலை வெட்டினான் என்பதிலிருந்து அந்தக் கணக்கு தொடங்குகிறது. மகாசேனன் கட்டிய மின்னேரியாக் குளத்துக்குத் தண்ணீர் போனது அந்த வாய்க்கால் வழியாகத்தான். 1976இல் பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கத்தால் உக்குவளைக்குத் திருப்பினார்கள். மாத்தளை நகரைத் தொட்டு ஓடும் சுது கங்கையில் அன்றிலிருந்து மகாவலித் தண்ணீரும் கலந்து ஓடுகிறது. கீழே போவதென்ன நீர்த்தேக்கம் வந்தது. அந்தத் திட்டத்துக்காக நாலந்தா கெடிகே என்ற பழைய கற்கோயிலைக் கல் கல்லாகக் கழற்றி, வேறிடத்தில் திரும்ப அடுக்கினார்கள். பிறகு லக்கலப் பக்கம் களு கங்கை (இரத்தினபுரிக் களு கங்கை வேறு), நாவுலப் பக்கம் மொரகஹகந்தை. 2018இல் திறந்த மொரகஹகந்தையின் கொள்ளளவு 50 கோடி கனமீற்றருக்கும் மேல். களு கங்கையின் கொள்ளளவு ஏறக்குறைய 25 கோடி.

இப்படிக் கனமீற்றரில் எண்ணத் தெரிந்த நாட்டில், என் கண்ணில் பட்ட எந்தச் சுற்றுலா வரைபடத்திலும் ஒரு பீலி கூடக் குறிக்கப்பட்டதில்லை. நீர்வீழ்ச்சி எல்லாம் இருக்கிறது. பம்பரகிரி எல்லவும் சேர எல்லவும் பெரிய எழுத்தில் இருக்கும். லயத்துக்கு மேலே கசிகிற ஊற்றைக் காணோம். எண்ணாத பொருள் தொலைந்தால் தொலைந்தது என்று யாருக்குத் தெரியும்?

தொலையும் என்பது வெறும் பயம் இல்லை. பதுளை மாவட்டத்தில் உமா ஓயா சுரங்கத்தைக் குடைந்தபோது 2014இன் இறுதியில் பாறை வெடிப்புகளிலிருந்து வெள்ளமாய் நீர் உள்ளே பாய்ந்தது. மேலே பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. தண்ணீர் எந்த வெடிப்பில் எங்கே போகிறது என்று முன்கூட்டித் தெரிந்திருந்தால் அத்தனை சனம் பவுசருக்குக் காத்து நின்றிருக்காது. மாத்தளையிலும் மொரகஹகந்தையிலிருந்து வடக்கே தண்ணீர் கொண்டுபோக 25 கிலோமீற்றருக்கும் நீளமான சுரங்கம் ஒன்றைத் திட்டமிட்டு வேலையும் தொடங்கினார்கள். வடமத்திய மாகாணத்தில் வயலுக்கும் தண்ணீர் வேண்டும், சிறுநீரக நோயால் தவிக்கும் கிராமங்களுக்குக் குடிதண்ணீரும் வேண்டும் என்று பொறியியலாளர்கள் சொல்வது நியாயமே. கொடுக்கிறவன் வீட்டுக் குடத்தையும் பார்த்துக் கொடுங்கள் என்றுதான் நான் சொல்கிறேன். கல்லுடைக்கும் வெடிக்கும் இதே பேச்சுத்தான், எலஹெரப் பக்கத்தில் நீரை இறைத்து இறைத்துத் தோண்டும் மாணிக்கக் குழிக்கும் இதே பேச்சுத்தான்.

நக்கிள்ஸ் காட்டுக்குள் ஏலச்செடி போட்ட காலத்தில் கீழ்ச்செடிகளை வழித்துத் துப்புரவாக்கினார்கள். 2000இல் காடு பாதுகாப்புக்குள் வந்தது. வழித்த இடங்கள் இன்னும் முழுதாக எழும்பவில்லை. செடியில்லாத தரையில் மழை உள்ளே இறங்காது, மண்ணை அள்ளிக்கொண்டு ஓடும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டதையும், நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போனதையும் நான் விவரிக்கத் தேவையில்லை. மலை சரிவதற்கும் ஊற்றுக்கும் உள்ள உறவை மட்டும் சொல்கிறேன். உக்கிய மண்ணுக்கும் பாறைக்கும் நடுவே நீர் தேங்கி முட்டும்போதுதான் சரிவு பிறக்கிறது. தெளிந்த பீலி திடீரென்று கலங்கி வந்தால், அல்லது நேற்றுவரை இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பினால், அது எச்சரிக்கை. ஆகவே பீலிகளைக் குறித்த வரைபடம் குடிநீருக்கு மட்டுமல்ல, உயிருக்கும் உதவும்.

புவிப்பூங்கா என்ற ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த ஒன்று, அங்கே மனிதர்களை வெளியே தள்ளி வேலி போடுவதில்லை. உள்ளூர்ச் சனம் சேர்ந்து நடத்த வேண்டும் என்பது நிபந்தனை. நாலு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வருவார்கள். பச்சை அட்டை கிடைத்தால் தொடரலாம். மஞ்சள் என்றால் இரண்டு வருடத் தவணை. சிவப்பு என்றால் பட்டம் போச்சு. பூங்காவை நடத்துகிறவர்கள் கல், கனிமம் விற்கவும் கூடாது. மாணிக்கத்துக்குப் பேர்போன பூமியில் இந்த விதியை யார் எப்படிக் காப்பார்கள் என்று பார்க்க ஆவலாயிருக்கிறது. ஆனால் பட்டம் வந்தால் தண்ணீர் தானாக வராது. வியட்நாமின் டோங் வான் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம் 2010இலேயே புவிப்பூங்கா ஆனது. அங்கே பெய்யும் மழை பாறை இடுக்குகளில் இறங்கி மறைந்துவிட, மலைச்சனம் வறண்ட மாதங்களில் இன்னமும் தண்ணீருக்குத் தவிக்கிறது. உல்லாசப் பயணிகள் வந்தால் வருமானம் வரும் என்கிறார்கள், வரட்டும். றிவஸ்டனில் கட்டப்போகும் விடுதியும் குளிப்பதற்கு அதே ஊற்றில்தான் குழாய் வைக்கும்.

ஒரு காலத்தில் பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் செலவு செய்யச் சட்டமே இடம் கொடுக்கவில்லை. 2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இனிச் சாக்குச் சொல்ல முடியாது. றத்தோட்டை, உக்குவளை, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கும் இளைஞர்களே, கையில் போன் இருக்கிறது, அதில் வரைபடமும் இருக்கிறது. வரும் பங்குனியில் உங்கள் பீலி எங்கே இருக்கிறது, ஒரு வாளி நிரம்ப எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று குறித்து, உங்கள் பிரதேச சபைக்கு எழுத்தில் கொடுங்கள். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.