ஓட்டிசம்: கொழும்புக்குச் செல்லும்வரை சிகிச்சை காத்திருக்க வேண்டுமா?

பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பாராமல், வேண்டியதை விரல் சுட்டிக் கேளாமல், விளையாட்டுக் காரின் சில்லை மட்டும் மணிக்கணக்கில் சுழற்றிக்கொண்டிருக்கும் குழந்தையைப் பற்றி நமது ஊர்களில் இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுவதுண்டு. ஒன்று, ஆண் பிள்ளைக்குப் பேச்சுப் பிந்தித்தான் வரும் என்பது. மற்றையது, பிள்ளை எதையோ கண்டு பயந்துவிட்டது என்பது. 1985 ஆம் ஆண்டில் வீடுகள் எரிக்கப்பட்டு மக்கள் இடம்பெயர நேர்ந்த திரியாய் போன்றதொரு கிராமத்தில் இரண்டாவது விளக்கம் எளிதில் நம்பப்படுவதில் வியப்பில்லை. ஆனால், இன்று அங்கே தளர்நடை போடும் குழந்தைகள் யுத்தம் முடிந்து பல ஆண்டுகளின் பின்னர் பிறந்தவர்கள். அவர்களுள் ஒரு சிலரின் மௌனத்துக்கு ஓட்டிசம் எனப்படும் மூளை வளர்ச்சி சார்ந்த நிலை காரணமாக இருக்கக்கூடும்.

அமெரிக்காவில் பணியாற்றிய உளமருத்துவர் லியோ கனர் 1943 இல் 11 பிள்ளைகளை விவரித்து எழுதியதுடன் இந்நிலை மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. தாயின் பாசக் குறைவே இதற்குக் காரணம் என்ற கொடிய கருத்து நெடுங்காலம் நிலவியது. இரட்டைப் பிள்ளைகளிடம் மேற்கொள்ளப்பட்டு 1977 இல் வெளியான ஆய்வு பரம்பரையின் பங்கை எடுத்துக்காட்டியதோடு அக்கருத்து ஆட்டங்கண்டது. தடுப்பூசியே காரணம் என்ற வதந்திக்கு வித்திட்ட 1998 ஆம் ஆண்டுக் கட்டுரையையும் அதை வெளியிட்ட 'லான்செட்' சஞ்சிகையே 2010 இல் மீளப் பெற்றுக்கொண்டது. இவ்வளவு நடந்த பின்னரும் தாய்மாரைக் குறைகூறும் வழக்கம் நமது குடும்பங்களில் ஓயவில்லை என்பது வேதனைக்குரியது.

இலங்கையில் இதன் அளவு என்ன? பேராசிரியை ஹேமமாலி பெரேராவும் அவரது குழுவினரும் 18 முதல் 24 மாத வயதுடைய 374 குழந்தைகளைப் பரிசோதித்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில் 4 பேருக்கு ஓட்டிசம் இருப்பது உறுதியானது. அதாவது 93 பேருக்கு ஒருவர். சிறிய ஆய்வுதான். ஆயினும் அதில் நமது கவனத்தைக் கோரும் வேறொரு விடயமும் உண்டு. பெற்றோர் விடையளிக்கும் வினாக்கொத்தின் மூலம் அந்த நால்வருள் ஒருவர் மாத்திரமே இனங்காணப்பட்டார். நம் வீடுகளில் பிள்ளையின் வேறுபாட்டை 'அவன் குணம் அப்படி' என்று ஏற்றுக்கொண்டு கடந்துவிடுகிறோம்.

இனி, நடத்தைச் சிகிச்சை என்பது என்ன என்பதை நோக்குவோம். பெயரைக் கேட்டதும் ஏதோ இயந்திரம் அல்லது மருந்து என்று எண்ணுவோர் உளர். ஒரு செயலுக்கு முன் நடப்பது என்ன, அதன் பின் கிடைப்பது என்ன என்பதைக் கூர்ந்து பார்த்து, அவ்விரண்டையும் மாற்றுவதன் மூலம் பிள்ளைக்குப் புதியதொன்றைக் கற்பிப்பதே அதன் அடிப்படை. பேச்சு வராத மூன்று வயதுப் பிள்ளை தாகமெடுத்தால் வீரிட்டு அலறுகிறது என்று வைத்துக்கொள்வோம். தாய் பதறி, பாலையும் பிஸ்கட்டையும் தண்ணீரையும் மாறி மாறி நீட்டுகிறாள். ஒன்று பொருந்தியதும் அலறல் நிற்கிறது. அலறினால் வேண்டியது கிடைக்கும் என்பதைப் பிள்ளை செம்மையாகக் கற்றுக்கொண்டுவிட்டது. கற்பித்தவர் நாமே.

சிகிச்சையில் இவ்வொழுங்கு மாற்றப்படுகிறது. தண்ணீர்க் கோப்பை பிள்ளையின் கண்ணில் படும்படி, ஆனால் எட்டாத இடத்தில் வைக்கப்படுகிறது. தாகம் எடுக்கும் நேரத்தை அறிந்து, அலறல் தொடங்கு முன்பே தாய் பிள்ளையின் கையை மெல்லப் பிடித்துக் கோப்பையைச் சுட்டவைத்து, 'தண்ணி' என்று ஒரு சொல் மட்டும் சொல்லி உடனே கொடுக்கிறாள். நாள் செல்லச் செல்லக் கையைப் பிடிப்பது முழங்கையைத் தொடுவதாகக் குறைகிறது. பின்னர் வெறுமனே காத்திருத்தல் போதுமாகிறது. ஒருநாள் பிள்ளை தானாகவே சுட்டும். கை கழுவுவதையும் சட்டை போடுவதையும் இவ்வாறே சிறு சிறு படிகளாகப் பிரித்துப் பழக்கலாம்.

இதில் ஓர் இடர் உண்டு. பழைய வழிக்குப் பலன் கிடைக்காது போகும்போது அலறல் முதலில் கூடும், பிறகுதான் குறையும். அந்தச் சில நாட்களில் அம்மம்மாவோ உம்மும்மாவோ மனம் பொறுக்காமல் பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டால், இன்னும் உரக்க அலற வேண்டும் என்ற பாடத்தையே பிள்ளை கற்கும். ஆகவே வீட்டிலுள்ளோர் அனைவரும் முதலில் கூடிப் பேசி ஒருமனப்பட வேண்டும். நமது கூட்டுக் குடும்பங்களில் இதுவே கடினமான பகுதி எனலாம்.

இச்சிகிச்சைக்கு மாசற்ற வரலாறு உண்டு என்று நாம் கூறமாட்டோம். வாரத்துக்கு 40 மணித்தியாலப் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளுள் 9 பேர் சாதாரண வகுப்பில் தேறியதாக அமெரிக்க உளவியலாளர் ஐவர் லோவாஸ் 1987 இல் அறிவித்தார். அவரது முறையில் அதட்டலும் அடியும் இருந்தன. அதற்கு ஆட்பட்டு வளர்ந்தோர் பிற்காலத்தில் வன்மையாகக் கண்டித்துள்ளனர். இவ்வகைத் தீவிர பயிற்சிகளை ஆராய்ந்து 2018 இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, பயன் உண்டெனினும் சான்றுகள் வலுவற்றவை என்றே மதிப்பிட்டது. எனவே அடிக்கும் பயிற்றுநரிடமும் 'பூரண குணம்' என்று பணம் கேட்பவரிடமும் பிள்ளையை ஒப்படைக்கலாகாது. யாருக்கும் தீங்கின்றிக் கையை உதறி மகிழும் பிள்ளையை அடக்குவதும் சிகிச்சையன்று; கேட்கவும் மறுக்கவும் ஒரு வழியைக் கொடுப்பதே வேண்டியது.

வாரத்துக்கு 40 மணித்தியாலம் என்பது நமது மக்களுக்கு எட்டாக்கனி. திரியாயிலிருந்து திருகோணமலை நகருக்குச் சுமார் 45 கிலோமீற்றர். அங்கிருந்து கொழும்புக்கு மேலும் 250 கிலோமீற்றருக்கு அதிகம். கடலையும் வயலையும் கூலி வேலையையும் நம்பி வாழும் திரியாய், புல்மோட்டை, குச்சவெளிக் குடும்பங்கள் ஒரு தவணை தவறினால் அடுத்ததற்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும். பிள்ளையின் மூளை விரைவாக வளரும் காலம் அதற்காகக் காத்திராது.

மாற்று வழி இருக்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வில், நிபுணரல்லாத சாதாரண சுகாதாரப் பணியாளர்களே பெற்றோருக்கு 12 அமர்வுகளில் பயிற்சியளித்தனர். பெற்றோர் பிள்ளையின் போக்கை அறிந்து ஈடுகொடுக்கப் பழகினர். பிள்ளைகள் தாமாகத் தொடர்பாட முற்படுவதும் அதிகரித்தது. எல்லா அளவீடுகளிலும் முன்னேற்றம் காணப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வெளியிட்ட பராமரிப்போர் பயிற்சித் திட்டமும் இதே தன்மையது: 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் குடும்பங்களுக்கு 9 குழு அமர்வுகள், 3 வீட்டுத் தரிசிப்புகள். இதற்கு வேண்டியது ஒரு முன்பள்ளிக் கட்டடமும், பயிற்றப்பட்ட ஒரு குடும்பநல உத்தியோகத்தரோ முன்பள்ளி ஆசிரியையோதான். கிராமம் தோறும் தடுப்பூசியைக் கொண்டு சேர்த்த நமது சுகாதாரத் துறைக்கு இது இயலாத காரியமன்று. கிழக்கு மாகாண சுகாதாரத் திணைக்களம் குச்சவெளிப் பிரதேசத்திலேயே இதனை ஆரம்பித்துப் பார்க்கலாம். அது தமிழில் நடைபெற வேண்டும். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்குச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பயிற்சி கொடுத்துவிட்டு, வீட்டு மொழியைக் கைவிடுமாறு பெற்றோரிடம் கூறுவதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை.

கோயிலில் நூல் கட்டுவதையோ பள்ளிவாசலில் ஓதிப் பார்ப்பதையோ நாம் குறைகூற வரவில்லை. அவை பெற்றோருக்கு மன ஆறுதல் தருபவை. ஆனால் அதே வாரத்தில் பிள்ளையின் செவிப்புலனையும் பரிசோதிக்க வேண்டும், ஏனெனில் காது கேளாமையும் இதே தோற்றத்தைத் தரும். வைத்தியரின் தவணை வரும்வரை ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து, பிள்ளை எப்போது அலறியது, அதற்கு முன் என்ன நடந்தது, பின் நாம் என்ன கொடுத்தோம், எத்தனை தடவை தானாகச் சுட்டியது என்பவற்றை நாள்தோறும் எழுதி வாருங்கள். நகரத்து வைத்தியசாலையில் பத்து நிமிடங்களே கிடைக்கும் அந்தச் சந்திப்பில், வைத்தியர் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டியது அந்தக் கொப்பியைத்தான்.