டிவிடி எந்த இடத்தில் நின்றது?

லேப்டாப்களில் டிவிடி டிரைவ் வருவது நின்றுபோய்ப் பல வருடங்கள் ஆகின்றன. டிவிடியின் தேவை மட்டும் தீர்ந்தபாடில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தால் பல ஸ்கேன் சென்டர்களில் ஃபிலிமோடு ஒரு டிஸ்க்கையும் கவரில் போட்டுத் தருகிறார்கள். சிசிடிவி காட்சியைக் கோர்ட்டில் சாட்சியமாகக் கொடுக்கும்போது அது டிஸ்க்கில் போவது இன்றும் வழக்கம். கல்யாண வீடியோவை டிவிடியாகவே கேட்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். இத்தனைக்கும் நம்பியிருப்பது பழைய கம்ப்யூட்டரில் தூசி படிந்து கிடக்கும் ஒரு ரைட்டரை, அல்லது யுஎஸ்பியில் செருகும் மெல்லிய டிரைவை.

அது பாதியில் நின்று, டிஸ்க் எரர் காட்டி வெளியே வந்ததும் நாம் சொல்வது ஒன்றுதான்: ‘ரைட்டர் போச்சு, புதுசு வாங்கணும்.’ கொஞ்சம் பொறுங்கள். பதிவு எந்தக் கட்டத்தில் நின்றது என்று முதலில் பாருங்கள். கோளாறு டிரைவிலா, டிஸ்க்கிலா, கம்ப்யூட்டரிலா என்பதைப் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும்.

ஆரம்பத்திலேயே, ஒரு சதவீதம்கூட நகராமல் நிற்பதுதான் அதிகம். ‘பவர் கேலிப்ரேஷன் எரர்’ என்று திரையில் வரும். டிவிடி-ஆர் என்பது 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகள். நடுவில் ஒரு சாயப் பூச்சு. 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் பட்டதும் அந்தச் சாயம் சூடாகி, ஒளியைத் திருப்பி அனுப்பும் தன்மை மாறிவிடுகிறது. அந்த மாற்றம்தான் பதிவு. எவ்வளவு சூடு வேண்டும் என்பது ஒவ்வொரு சாயத்துக்கும் வேறுபடும். அதனால் குழம்பை இறக்கும் முன் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்ப்பது போல, டிரைவும் வேலையைத் தொடங்கும் முன் டிஸ்க்கின் உள்விளிம்பை ஒட்டி ஒதுக்கப்பட்ட இடத்தில் லேசரைக் கூட்டியும் குறைத்தும் எழுதிப் பார்க்கிறது. எந்த அளவும் சரிப்படவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்கிறது.

இதில் நான் முதலில் சந்தேகப்படுவது டிஸ்க்கைத்தான். எழுதக்கூடிய ஒவ்வொரு டிவிடியிலும் அதைத் தயாரித்தவரின் அடையாளக் குறி இருக்கும். எந்தக் குறிக்கு எப்படி எழுத வேண்டும் என்ற பட்டியல் டிரைவின் ஃபர்ம்வேரில் இருக்கும். பட்டியலில் இல்லாத டிஸ்க் வந்தால் டிரைவ் ஒரு பொதுவான முறையில் எழுதிப் பார்க்கும். சில சமயம் சரியாக வரும், சில சமயம் வராது. இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருளைத் திறந்து டிஸ்க்கைப் போட்டால் வலது பக்கம் அந்தக் குறி தெரியும். டப்பாவின் மேல் ஒரு கம்பெனி பெயர், உள்ளே டிஸ்க் செய்தவர் வேறொருவர் என்பது இந்தத் தொழிலில் சகஜம்.

இன்னொன்று, டிஸ்க்கின் வயது. எழுதப்படாத டிஸ்க் கெடாது என்று நினைக்கிறோம். அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003-ல் வெளியிட்ட கையேடு, எழுதாத டிஸ்க்கின் ஆயுளை 5 முதல் 10 வருடம் என்றே மதிப்பிட்டது. நம் நாட்டு மோசர் பேயர் ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய டிஸ்க் தயாரிப்பாளர்களில் ஒன்று. தமிழ்ப் படங்களை மலிவு விலை டிவிடியாக ஊரெங்கும் கொண்டு சேர்த்ததும் அவர்கள்தான். 2018-ல் அந்த நிறுவனத்தைக் கலைக்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டுவிட்டது. அந்தக் காலத்து டப்பா ஒன்று அலமாரியில் கிடந்து இன்று கையில் சிக்கினால், முக்கியமான எதையும் அதில் எழுதாதீர்கள். ஐம்பது டிஸ்க் உள்ள டப்பாவை வாங்கும் முன் இரண்டு வேறு பிராண்டுகளில் ஒவ்வொன்று வாங்கி எழுதிப் பாருங்கள். ஒன்றில் எழுதி இன்னொன்றில் எழுதாவிட்டால் ரைட்டர் மேல் பழி இல்லை.

எந்த டிஸ்க்கிலும் எழுதவில்லை என்றால்தான் லென்ஸ் பக்கம் போக வேண்டும். சி.டி.க்கும் டிவிடிக்கும் தனித்தனி லேசர் என்பது பலருக்குத் தெரியாது. அதனால்தான் சி.டி.யை நன்றாகப் படிக்கும் டிரைவ், டிவிடியைப் போட்டால் ‘டிஸ்க் இல்லை’ என்று சொல்லும். அப்படிச் சொன்னால் டிவிடி லேசரின் ஆயுள் முடிந்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டிலும் தடுமாறினால் தூசியாக இருக்கலாம். லேப்டாப் டிரைவில் தட்டை இழுத்தாலே லென்ஸ் கண்ணுக்குத் தெரியும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் துளி தொட்டு மெல்லத் துடைக்கலாம். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டிருப்பதால் அழுத்தக் கூடாது. நகப்பூச்சு அகற்றும் திரவம் பக்கமே போகக் கூடாது.

பாதி வழியில் நிற்பது வேறு கதை. 16எக்ஸ் வேகத்தில் எழுதும்போது டிரைவுக்கு நொடிக்குச் சுமார் 22 எம்.பி. தகவல் இடைவிடாமல் வர வேண்டும். முன்பெல்லாம் நடுவில் ஒரு கணம் தகவல் தடைபட்டாலே டிஸ்க் குப்பைதான். 2000-ல் சான்யோ கொண்டுவந்த பர்ன்-புரூஃப் போன்ற உத்திகள் வந்தபின் டிரைவ் நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. ஆனாலும் மெதுவான பென்டிரைவிலிருந்தோ நெட்வொர்க்கிலிருந்தோ நேரடியாக எழுதினால் அடிக்கடி நின்று நின்று தொடர வேண்டியிருக்கும். ஃபைல்களை முதலில் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிவிட்டுப் பிறகு எழுதுங்கள். எக்ஸ்பி ஓடும் பழைய கம்ப்யூட்டரில் இன்னொரு சிக்கலும் உண்டு. டிரைவோடு பேசும்போது ஆறு தடவை பிழை சேர்ந்துவிட்டால் விண்டோஸ் தானாகவே தகவலை வேகமாக அனுப்பும் டிஎம்ஏ முறையை விட்டு மெதுவான பிஐஓ முறைக்கு இறங்கிவிடும், யாரிடமும் சொல்லாது. டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சேனலின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸைப் பார்த்தால் தெரியும். சேனலை அன்இன்ஸ்டால் செய்து கம்ப்யூட்டரை மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் பழைய வேகம் திரும்பிவிடும்.

எண்பது, தொண்ணூறு சதவீதத்தில் நின்றால் வேகத்தைக் குறையுங்கள். எழுதுவது உள்ளேயிருந்து வெளிவிளிம்பை நோக்கி. வேகம் உச்சத்தைத் தொடுவது வெளியேதான். டிஸ்க் கொஞ்சம் வளைந்திருந்தாலும், மேலே ஸ்டிக்கர் கோணலாக ஒட்டியிருந்தாலும் ஆட்டம் தெரிவதும் அங்கேதான். 16எக்ஸ் டிஸ்க்கை 8எக்ஸில் எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. அதற்காக இன்னும் மெதுவாக எழுதினால் இன்னும் நல்லது என்று அர்த்தமில்லை. அந்தச் சாயம் மிகக் குறைந்த வேகத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. 8.5 ஜி.பி. டபுள் லேயர் டிஸ்க் சரிபாதியை ஒட்டி நின்றால், லேசர் ஒரு அடுக்கிலிருந்து மற்றதுக்கு மாறும் இடத்தில் தடுக்கியிருக்கிறது. அதற்கும் நல்ல டிஸ்க்தான் மருந்து.

யுஎஸ்பி டிரைவ் வைத்திருப்பவர்கள் மின்சாரத்தைக் கவனியுங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டிய அளவு 500 மில்லிஆம்பியர். படிப்பதற்கு அது போதும்; லேசர் முழு வீச்சில் எழுதும்போது பற்றாமல் போகலாம். படிக்கிறது, எழுத மட்டும் மாட்டேன் என்கிறது என்றால் ஹப்பை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரின் பின்பக்க போர்ட்டில் நேராகச் செருகுங்கள். கம்ப்யூட்டர் பக்கம் இரண்டு யுஎஸ்பி முனை கொண்ட கேபிள் இருந்தால் இரண்டையும் செருகுங்கள்.

கடைசியில் ஒரு பெரிய ஏமாற்றம் இருக்கிறது. ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று செய்தி வரும். வீட்டு டிவிடி பிளேயரில் போட்டால் ஓடாது. விண்டோஸ், வெற்று டிஸ்க்கில் எழுதத் தொடங்கும்போது பென்டிரைவ் போலப் பயன்படுத்தவா, சி.டி./டிவிடி பிளேயருக்காகவா என்று கேட்கும். முதலாவதைத் தட்டிவிட்டால் பல பழைய பிளேயர்கள் அந்த டிஸ்க்கைச் சீண்டாது. பிளேயருக்கு என்றால் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, டிஸ்க்கை இனி எதுவும் சேர்க்க முடியாதபடி ஃபைனலைஸ் செய்தே ஆக வேண்டும்.

அந்த வெற்றிச் செய்தியின் பொருள், லேசர் ஓடி முடித்தது என்பதுதான். எழுதியது திரும்பப் படிக்க வருமா என்பது வெரிஃபை செய்தால்தான் தெரியும். நேரம் மிச்சமாகட்டும் என்று வெரிஃபை பெட்டியிலுள்ள டிக்கை எடுத்துவிடுகிறோம். கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும் டிஸ்க்கில் அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கவே கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழில், மின்னணுப் பதிவிலிருந்து கணக்கிடப்படும் எண்ணான ஹாஷ் மதிப்பை எழுத வேண்டியிருக்கிறது. டிஸ்க்கிலுள்ள ஃபைலில் ஒரு பிட் மாறினாலும் அந்த எண் ஒத்துப்போகாது. எழுதிய டிரைவ் தன் எழுத்தைத் தானே படித்துவிடும். மற்ற டிரைவ்கள் திணறலாம். ஆகவே வெரிஃபை முடிந்ததும் வேறொரு கம்ப்யூட்டரில் டிஸ்க்கைப் போட்டு, எல்லா ஃபைலையும் ஹார்டு டிஸ்க்குக்குக் காப்பி செய்து பாருங்கள். அங்கே ஒரு ஃபைல் அடம்பிடித்தாலும் அந்த டிஸ்க்கைக் கொடுக்காமல், வேறு டிஸ்க்கில், வேகத்தைக் குறைத்து இன்னொன்று எழுதிவிடுங்கள்.