பாட்டு போனில்தான் இருக்கு, ஸ்பீக்கர் ஏன் நெட் கேட்குது?

நைட் ஷிஃப்ட் முடிந்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து வாடகை அறைக்கு வருகிறீர்கள். தூங்கும் முன் இரண்டு பாட்டு கேட்கலாம் என்று புது வைஃபை ஸ்பீக்கரை ஆன் செய்தால், ‘இணைய இணைப்பு இல்லை’ என்கிறது. பாட்டு போனில்தானே இருக்கு, அப்புறம் எதுக்கு நெட்? நியாயமான கேள்விதான்.

பாட்டை எடுப்பது யார்?

புளூடூத்தில் எல்லா வேலையும் போனுடையது. பாட்டைச் சுருக்கி, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நேராக ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. நெட், ரவுட்டர் எதுவும் வேண்டாம். பொதுவாக 10 மீட்டர் வரை எட்டும். நடுவில் சுவர் வந்தால் குறையும்.

வைஃபை ஸ்பீக்கர் கதை வேறு. ஸ்ட்ரீமிங் ஆப்பில் ‘காஸ்ட்’ ஐகானைத் தொட்டால், எந்தப் பாட்டு என்பதை மட்டும்தான் போன் சொல்கிறது. ஸ்பீக்கரே இணையத்துக்குப் போய் அதை எடுத்துவருகிறது. நெட் இல்லையென்றால் பாட்டும் இல்லை.

டவுன்லோட் செய்த பாட்டு?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்ட்ரீமிங் ஆப்பில் டவுன்லோட் செய்த பாட்டு, பூட்டிய பெட்டி மாதிரி. அந்த ஆப்பைத் தவிர வேறு பிளேயரில் திறக்காது. சந்தா முடிந்தால் அதுவும் போச்சு. எம்பி3 ஃபைலாக போனில் இருப்பதுதான் எந்த பிளேயரிலும் பாடும்.

உங்களுக்கு எது சரி?

அறையில் மொபைல் டேட்டா மட்டும்தான் என்றால், புளூடூத் ஸ்பீக்கரே போதும். எம்பி3 பாட்டுக்கு டேட்டா செலவே இல்லை.

ரவுட்டர் இருக்கிறதா? ஆண்ட்ராய்டு போனில் விஎல்சி ஆப் மூலம் உங்கள் ஃபைலை காஸ்ட் ஸ்பீக்கருக்கு அனுப்பலாம். ஐபோனில் ஏர்பிளே உண்டு. ஸ்பீக்கரும் அதை ஆதரிக்க வேண்டும். போனும் ஸ்பீக்கரும் ஒரே வைஃபையில் இருப்பது அவசியம்.

விடுதி வைஃபையில் ஸ்பீக்கர் கண்ணிலேயே படவில்லையா? பழுது என்று முடிவு கட்டாதீர்கள். பொது வைஃபைகளில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பாதுகாப்புக்காகத் தடுத்திருப்பார்கள். அங்கேயும் புளூடூத்தான் கைகொடுக்கும்.

இன்னொன்று: மைக் உள்ள புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டு ஓடும்போது போன் வந்தால், வீட்டுப் பேச்சு முழு அறைக்கும் கேட்கும். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் அந்த ஸ்பீக்கரின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கர ஐகானைத் தொட்டு, போன் அழைப்பை மட்டும் ஆஃப் செய்துவிடுங்கள்.

வாங்கும் முன் ஒரு சோதனை

கடையிலேயே போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். புளூடூத்தை மட்டும் ஆன் செய்து, ஒரு எம்பி3 பாட்டை ஓடவிடுங்கள். பாடினால், நெட் இல்லாத நாளிலும் பாடும். சத்தத்தை மட்டும் குறைத்து வையுங்கள். பக்கத்து அறைக்காரரும் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு இப்போதுதான் படுத்திருப்பார்.