மாரடைப்புக்குப் பின் துடிப்பு தடுமாறுமா? முன்கூட்டி அறிய முடியுமா?



மாரடைப்பு வந்தவரை இருதயச் சிகிச்சைப் பிரிவில் சேர்த்தபின், வெளியே காத்திருக்கும் குடும்பத்தார் எங்களிடம் கேட்கும் கேள்விகள் இரண்டு. "வலிதான் நின்றுவிட்டதே, இன்னும் ஏன் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி வைத்திருக்கிறார்கள்?" என்பது ஒன்று. "இனி பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிடுவாரா?" என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் உரிய பதிலை எளிய முறையில் இங்கே விளக்க விரும்புகிறோம்.

நாம் ஓய்வாக இருக்கையில் இருதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை துடிக்கிறது. வலது மேலறையில் பிறக்கும் சிறு மின்தூண்டல், ஒழுங்கான பாதையில் கீழறைகளுக்கு இறங்குவதால் இத்துடிப்பு உண்டாகிறது. இருதயத் தசைக்கே இரத்தம் கொண்டுவரும் கரோனரி இரத்தக்குழாய் அடைபட்டால், அது போஷித்துவந்த தசை பிராணவாயு இல்லாமல் தவிக்கிறது. அந்தத் தசையில் மின்தூண்டல் நேராகச் செல்லாமல் சுற்றிச் சுற்றி வரக்கூடும். சிலருக்குக் கீழறைகள் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கும். வென்ட்ரிக்குலர் ஃபிப்ரிலேஷன் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். இரத்த ஓட்டம் நின்று, சில விநாடிகளில் நோயாளி நினைவிழப்பார். உடனே மின்அதிர்ச்சி கொடுத்தால் அவர் பிழைக்க வழியுண்டு. நெஞ்சை அழுத்தும் முதலுதவியும் இல்லாமல் தாமதித்தால், ஒவ்வொரு நிமிடமும் அந்த வாய்ப்பு ஏறக்குறைய 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகும்.

இதை மனதிற்கொண்டு, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பணியாற்றிய டாக்டர் டெஸ்மண்ட் ஜூலியன், இப்படிப்பட்ட நோயாளிகளை ஒரே பிரிவில் வைத்து ஈ.சி.ஜி.யை இடைவிடாமல் கவனிக்கவேண்டும் என்று 1961ஆம் ஆண்டில் எழுதினார். 1962இல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் டாக்டர் ஹியூஸ் டே அத்தகைய பிரிவைத் தொடங்கினார். இன்று நாம் காணும் இருதயச் சிகிச்சைப் பிரிவுகள் இவற்றின் வழிவந்தவையே.

கவனிக்கத் தொடங்கியபின், அபாயத்தை முன்னதாகவே அறியலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. பெரிய தடுமாற்றத்துக்கு முன் இடையிடையே அகாலத் துடிப்புகள் தோன்றும், அவையே எச்சரிக்கை மணி என்று மருத்துவர்கள் கருதினார்கள். அவற்றை அடக்க மருந்தும் கொடுத்தார்கள். ஆனால் அகாலத் துடிப்பு இருந்த பலருக்கு ஒன்றும் நேரவில்லை. எந்த எச்சரிக்கையும் இல்லாமலே வேறு பலருக்கு இருதயம் நடுங்கி நின்றது.

மாரடைப்பிலிருந்து தேறியவர்களிடம் செய்யப்பட்ட 'காஸ்ட்' என்னும் ஆய்வு இன்னும் பெரிய பாடம் கற்பித்தது. என்கைனைட், ஃபிளெக்கைனைட் என்னும் இரு மருந்துகள் அகாலத் துடிப்பை நன்றாகவே அடக்கின. ஆயினும் 1991இல் வெளியான முடிவின்படி, மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் மரித்தார்கள். வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் மரித்தவர்கள் 26 பேரே. ஈ.சி.ஜி. தாளை அழகாக்குவது வேறு, உயிரைக் காப்பது வேறு என்பது அன்று விளங்கிற்று.

ஆகையால் இன்று மருத்துவர்கள் ஓர் அடையாளத்தை மட்டும் நம்புவதில்லை. நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா, இரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருதயத்தின் பம்ப் செய்யும் வலு குறையக் குறைய ஆபத்து கூடும். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தால் அதைச் சரிசெய்கிறார்கள். அடைப்பு எவ்வளவு சீக்கிரம் திறக்கப்பட்டது என்பதும் முக்கியம். தடுமாற்றம் எப்போது வந்தது என்பதையும் கவனிக்கிறார்கள். முதல் 48 மணி நேரத்தில் வருவது பெரும்பாலும் அந்த மாரடைப்பின் உடனடி விளைவு. புதிய அடைப்பு ஏதுமின்றி அதற்குப் பின் வருமானால், தசையில் நிலைத்துவிட்ட தழும்பு காரணமாக இருக்கலாம். அது மீண்டும் வரக்கூடும்.

அப்படியானால் வலுக் குறைந்த எல்லாருக்கும் மின்அதிர்ச்சி தரும் சிறு கருவியை உடனே உடலில் பொருத்திவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். 2004இல் வெளியான 'டைனமிட்' ஆய்வில், மாரடைப்புக்குப்பின் 6 முதல் 40 நாட்களுக்குள் அதைப் பொருத்தியதால் மொத்த மரணங்கள் குறையவில்லை. முதலில் சோர்ந்திருக்கும் தசை பிறகு தேறிவருவதும் உண்டு. எனவே பெரும்பாலானோருக்குக் குறைந்தது 40 நாட்கள் மருந்து கொடுத்து, மறுபடியும் எக்கோ எடுத்துப் பார்த்தே இதைத் தீர்மானிக்கிறார்கள்.

இவ்வளவு அறிந்தும், ஒருவருக்கு ஆபத்து அதிகமா குறைவா என்றுதான் மருத்துவர் சொல்லமுடியும். இன்ன இரவில், இன்ன வேளையில் என்று சொல்ல இயலாது. அந்த அறியாமையை ஈடுசெய்யவே ஒயர்களும் மானிட்டரும் இருக்கின்றன. மணி ஒலித்தவுடன் ஓடிவர, பயிற்சி பெற்ற செவிலியர் இரவெல்லாம் விழித்திருக்கிறார்.

உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம். நெஞ்சுவலி வந்தால் வாயுத்தொல்லை என்று வீட்டில் காத்திராமல், ஆம்புலன்ஸை அழைத்து மருத்துவமனைக்கு விரைந்து வாருங்கள். மிகுந்த ஆபத்து முதல் சில மணி நேரத்தில்தான் இருக்கிறது. ஒயர்களைக் கழற்றும்படி செவிலியரை வற்புறுத்தாதிருங்கள். வீடு திரும்பியபின், சுகமாகிவிட்டது என்று மறு பரிசோதனையைத் தவறவிடாதிருங்கள்.