சுடுகிறது என்னும் செய்தி

பெரும்பாக்கத்தில் எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் சுடுபாத்திரத்தைத் தொட்ட கை, மூளை அறியுமுன்னரே விலகிவிடுகிறது. அது தண்டுவடத்தின் உத்தரவு. வேதனை சற்றுப் பிந்தியே வருகிறது.

சருமத்தின் நரம்பு நுனிகளில் நுண்ணிய கதவுகள் உள்ளன. உஷ்ணம் சுமார் 43 டிகிரி ஸெண்டிகிரேடைத் தாண்டினால் அவை திறக்கும். செய்தி மூளைக்கு ஏறும். 'சுடுகிறது' என்று தீர்மானிப்பது மூளையே. மிளகாய்க் காரமும் இதே கதவைத்தான் திறக்கிறது என்று டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997-ல் கண்டனர். 'நாக்கு எரிகிறது' என்று நம் பாட்டிமார் சொன்னது வெறும் உபசார வார்த்தையன்று!

"வேதனையே இல்லாவிட்டால் சுகந்தானே, ஸார்?" என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்டைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். தொழுநோயாளரின் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்று உலகம் நம்பிய காலம். வேலூரில் அவர்களுடைய கைகளை ஆராய்ந்த அவர் கண்டது வேறு: நரம்பு மரத்துப்போனவர்கள் கொதிக்கும் பாத்திரத்தைத் தயங்காமல் பற்றினர்; வெந்த புண்ணையும் உணரவில்லை. விரல்களைத் தின்றது அந்தப் புண்களே.

இன்று மருந்தால் அந்நோய் குணமாகிறது. மரத்த நரம்போ பெரும்பாலும் மீள்வதில்லை. ஆகவே அவர்கள் பாத்திரத்தைத் துணியால் பிடிக்கவும், இரவு உறங்குமுன் கைகளைக் கண்ணால் சோதிக்கவும் கற்கிறார்கள்.