காலி வண்டி ஏன் குதிக்கிறது?

பழைய மகிந்திரா ஜீப் பிக்கப்பைக் காலியாக அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஓட்டினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் தூக்கிப் போடுகிறது, சஸ்பென்ஷனை மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். மாற்றலாம் தம்பி. டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், முதலில் அது ஏன் குதிக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

அந்த வண்டிக்கு நான்கு மூலையிலும் பட்டைதான், அதாவது லீஃப் ஸ்பிரிங். பாரம் ஏற்றுவதற்கென்றே கணக்குப் போட்டு அடுக்கிய எஃகு. மூட்டை ஏறினால் நன்றாக அமுங்கும், காலியாக இருந்தால் அசையாது. ஒரு ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கி நிற்கிறது என்பதை வைத்தே வண்டி எப்படி ஓடும் என்று சொல்லிவிடலாம். 10 செ.மீ. அமுங்கி நின்றால் விநாடிக்கு ஏறக்குறைய ஒன்றரை தடவை ஆடும். உடம்பு அதைத் தாங்கிக்கொள்ளும். 2.5 செ.மீ. மட்டும் அமுங்கினால் மூன்று தடவைக்கு மேல் ஆடும். உங்கள் முதுகைப் பதம் பார்ப்பது அதுதான்.

ஆக, தேவை வெறும் மென்மை இல்லை. பாரத்துக்குத் தக்கபடி மாறும் விறைப்பு. பாடியில் உள்ள வீல்ஸ் இந்தியா நிறுவனம் பேருந்துகளுக்குச் செய்யும் ஏர் சஸ்பென்ஷன் இந்த வேலையைத்தான் செய்கிறது: ஆள் ஏற ஏறக் காற்றழுத்தம் கூடும். ஆவடியில் உள்ள போர் வாகன ஆய்வு நிறுவனமான சி.வி.ஆர்.டி.இ. வடிவமைத்த அர்ஜுன் டாங்கியில் நைட்ரஜன் வாயுவே ஸ்பிரிங். அமுங்க அமுங்க விறைத்துக்கொள்ளும். நம் பிக்கப்புக்கு அதெல்லாம் வேண்டாம், பட்டையிலேயே வழி இருக்கிறது.

ஆனால் எதையும் வாங்குவதற்கு முன், இருக்கும் பட்டையைக் கழற்றிப் பாருங்கள். இடுக்குகளில் செம்பழுப்புத் துரு பொடிப்பொடியாக உதிர்ந்தால், உங்கள் முரட்டு ஓட்டத்தில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால்தான் வளையும். பூந்தமல்லி ஹைரோட்டின் மழைத்தண்ணீரைக் குடித்துத் துருவேறிய அடுக்கு ஒரே இரும்புக்கட்டையாக இறுகிவிடும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் தடவி, சென்டர் போல்ட்டையும் புஷ்ஷையும் புதிதாகப் போடுங்கள். இதை மட்டும் செய்துவிட்டுச் சில நாள் ஓட்டிப் பாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன்.

அதன் பிறகும் போதவில்லையென்றால் பட்டையைக் குறைக்கலாம், கண்டபடி உருவக் கூடாது. மெயின் பட்டைக்கு அடுத்ததைத் தொடவே வேண்டாம். மெயின் உடைந்தால் வண்டியைத் தாங்குவது அதுதான். ஒரு பட்டையின் கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். அதனால் எத்தனை பட்டை என்பதைவிட எவ்வளவு கனம் என்பதே முக்கியம். நடுவில் கனத்து நுனிகளில் மெலியும் பாரபாலிக் பட்டை சிலவே போதும். அவை நடுவிலும் நுனியிலும் மட்டுமே தொட்டுக்கொள்வதால் உராய்வு குறைவு. மேலே ஒரு ஹெல்பர் பட்டை வைத்தால் காலியாக ஓடும்போது சும்மா நிற்கும், மூட்டை ஏறினால்தான் தோள் கொடுக்கும். நீங்கள் கேட்டது இதுதான்.

உராய்வு குறைந்தால் ஆட்டத்தை அடக்க வேறொருவர் வேண்டும். அதனால் பாரபாலிக் போட்டுவிட்டுப் பழைய ஷாக் அப்சார்பரையே விட்டுவைக்காதீர்கள். படகு மாதிரி மிதக்கும்.

வளைவு போன பட்டையை கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி மறுபடி வளைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டெம்பர் போய்விடும், கொஞ்ச நாளில் மறுபடி தொய்யும், இல்லையென்றால் உடையும். வண்டியை உயர்த்த நீள ஷேக்கிள் போடுவதும் எனக்குப் பிடிக்காத வேலை. கேஸ்டர் கோணம் மாறி ஸ்டீயரிங் அலைய ஆரம்பிக்கும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கனமான பட்டை போட்டால் அதிக பாரம் ஏற்றலாம் என்ற கணக்கு அங்கே எடுபடாது. பிரேக்கும் அச்சும் பழையவைதானே.

மாட்டும்போது ஒரு விஷயம். ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது இறுக்க வேண்டாம். வண்டியைத் தரையில் இறக்கி, அதன் பாரம் பட்டையில் உட்கார்ந்த பிறகு இறுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். யு போல்ட்டை மூட்டை ஏற்றிச் சில நாள் ஓட்டிய பிறகு இன்னொரு முறை இறுக்க வேண்டும். புதுப் பட்டை படிந்து உட்காரும்போது அது தளரும். தளர்ந்தால் அச்சு நகர்ந்து சென்டர் போல்ட்டை வெட்டிவிடும்.